மாணவத் தம்பதிக்கு ஐரோப்பியக் கோடைப் பயணம்: 18 நாள், இருவருக்கும் சேர்த்து 2,100 யூரோவுக்குள்

"பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிக், ரோம், பார்சிலோனா. பத்து நாள், இரண்டு பேர். எவ்வளவு ஆகும் அக்கா?"

ஜெர்மனியின் டிரெஸ்டனில் எங்களுக்குப் பின் அடுத்தடுத்துப் படிக்க வந்த இளம் தம்பதிகள் ஜூன் மாதம் பிறந்தால் இப்படி ஒரு பட்டியலோடு வீட்டுக்கு வருவார்கள். தேநீர் கொடுத்து உட்காரவைத்த பிறகு நான் முதலில் செய்வது, அந்தப் பட்டியலில் பாதியை அடிப்பதுதான். அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருக்கும். ஆனால் பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து (மாணவர் விசாவுக்காக முன்பே பணம் போட்டு, மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்கும் கணக்கு) மாதம் 992 யூரோ எடுத்து, வாடகையும் காப்பீடும் கட்டி, மிச்சம் பிடித்துப் பயணம் போகிறவர்களிடம் உண்மையை மறைக்கக் கூடாது. ஐரோப்பாவில் பணம் கரைவது பெரும்பாலும் ஊர் விட்டு ஊர் ஓடுகிற ஓட்டத்தில். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் இரண்டு டிக்கெட், பெட்டி வைக்கும் லாக்கர், ரயில் நிலையத்து விலையில் ஒரு வேளைச் சாப்பாடு, பகலில் பாதி என எல்லாம் போய்விடும்.

நானும் என் கணவரும் முதல் கோடையில் பத்து நாளில் ஆறு ஊர் சுற்றினோம். அடுத்த கோடையில் 18 நாளில் ஐந்து ஊர். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. கீழே சொல்வது இரண்டாவது பயணத்தின் வழி. ஜெர்மனியில் படிப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் புறப்படும் ஊரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: தேதியைப் பிடியுங்கள்

ஊர்களைத் தேடுவதற்கு முன் தேதியை முடிவு செய்யுங்கள். ஜூலையும் ஆகஸ்ட் முதல் பாதியும் ஐரோப்பா முழுவதும் குடும்பத்தோடு விடுமுறையில் இருக்கும் காலம். அப்போது அறை வாடகை உச்சத்தில் இருக்கும். வெயிலும் சாதாரணமாக இருக்காது. குளிர்சாதனம் இல்லாத மாடி அறையில் புடாபெஸ்ட் ஜூலை இரவைக் கழித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான் தொடங்குகின்றன. ஆகவே தேர்வுகள் முடிந்திருந்தால் ஆகஸ்ட் கடைசி வாரமும் செப்டம்பர் முதல் இரண்டு வாரமும் உங்கள் கையில் இருக்கும். நாங்கள் ஆகஸ்ட் 24-ஆம் தேதி கிளம்பி செப்டம்பர் 10-ஆம் தேதி திரும்பினோம். அதற்கும் காரணம் இருந்தது. ஆகஸ்ட் 20 ஹங்கேரியின் தேசியத் திருநாள், அன்று புடாபெஸ்ட்டில் அறை கிடைப்பது அரிது. செப்டம்பர் மூன்றாவது வாரம் நெருங்கினால் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவுக்காக மியூனிக்கில் விலைகள் பல மடங்காகும். நம் பயணம் இரண்டுக்கும் நடுவில் நுழைந்து வெளியே வந்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: ஆவணங்கள்

ஷெங்கன் என்பது ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் குழு. அதில் ஒரு நாட்டின் செல்லத்தக்க வதிவிட அட்டை இருவரிடமும் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும், புகைப்படப் பிரதி போதாது. எல்லை கடந்ததே தெரியாது என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைத் தொடங்கியது. பிராகிலிருந்தோ சால்ஸ்பர்கிலிருந்தோ திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறுவது இப்போது வழக்கமான காட்சி. அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தால், கையில் இருக்கும் தற்காலிகச் சான்றோடு வெளியே போய்த் திரும்ப முடியுமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருவரில் ஒருவர் இன்னும் ஊரில் இருந்தாலோ பிரிட்டனில் படித்தாலோ அவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதிக இரவுகள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கோடைக்கான நேர ஒதுக்கீடுகள் சீக்கிரமே தீர்ந்துபோகும். இந்த ஒரு வேலையை மட்டும் மார்ச்சிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஜெர்மன் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அதுவே ஐரோப்பிய மருத்துவ அட்டை. நம் வழியில் வரும் நாடுகள் எல்லாவற்றிலும் அவசரச் சிகிச்சைக்கு அது உதவும். ஆனால் ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் செல்லாது.

மூன்றாம் படி: கிழக்கே திரும்புங்கள்

டிரெஸ்டன், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், ஸ்லோவேனியாவின் தலைநகர் லியுப்லியானா, வெனிஸ், மியூனிக், மீண்டும் டிரெஸ்டன். இதுதான் வட்டம். இரவுகள் முறையே 3, 3, 4, 3, 3, 1. ஆக 17 இரவு. மியூனிக் வழியில் தலைசாய்க்க மட்டும்.

பாரிஸையும் ஆம்ஸ்டர்டாமையும் நான் வெறுக்கவில்லை. பிராகிலும் புடாபெஸ்ட்டிலும் இருவர் ஒரு நாள் நிறைவாகத் தங்கிச் சாப்பிடும் பணம், பாரிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அறை வாடகைக்கே போதாது. வேலை கிடைத்த பிறகு அந்த ஊர்களுக்கு ஒரு நீண்ட வார இறுதியில் போய்வரலாம். மாணவராக இருக்கும்போது நம்மிடம் நாள் அதிகம், பணம் குறைவு. அந்த அளவுக்குப் பொருந்தும் நாடுகள் கிழக்கேதான் இருக்கின்றன.

இந்த வட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லியுப்லியானாவிலிருந்து வெனிஸுக்கு நேராகப் போகும் பஸ்கள் உண்டு. அதில் ஏறாதீர்கள். காலையில் ரயிலில் யெசெனிட்ஸே போய், அங்கிருந்து நோவா கொரித்ஸாவுக்குப் போகும் சிறிய ரயிலில் மாறுங்கள். 1906-இல் திறந்த மலைப்பாதை இது. பிளெட் ஏரிக்கு மேலாக ஊர்ந்து, ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் போஹிஞ்ச் சுரங்கத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வந்து சோச்சா ஆற்றைப் பிடிக்கும். அந்த ஆற்றின் நிறம் மயில்கழுத்துப் பச்சை. ஊர் வருவதற்குச் சற்றுமுன் சோல்கான் பாலம். 85 மீட்டர் அகலத்துக்கு ஒரே வளைவு, கல்லால் கட்டிய ரயில் பாலங்களில் உலகிலேயே பெரிய வளைவு.

நோவா கொரித்ஸா நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் ஒரு சதுக்கம். அதன் நடுவில் தரையில் பதித்த ஒரு வட்டம். அதன் ஒரு பாதி ஸ்லோவேனியா, மறு பாதி இத்தாலி. 2004 வரை அங்கே வேலி இருந்தது. முதுகில் பையோடு என் கணவர் இத்தாலியிலும் நான் ஸ்லோவேனியாவிலும் நின்று ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்றோம். வதிவிட அட்டைக்காக அலுவலக வாசலில் நின்ற நாட்களெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் நடந்தால் இத்தாலியப் பக்கத்துக் கொரித்சியா நிலையம், அதன் பிறகு வட்டார ரயிலில் வெனிஸ். மலைப்பாதையில் ஒரு நாளைக்குச் சில ரயில்களே ஓடும். நேர அட்டவணையை முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பணத்தை இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்

தம்பதிகளின் பயணம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஆகவே இதை இரண்டு முறை படியுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் ஒரு மாலை முழுவதும் ஒதுக்கி, ஒரு தாளில் மொத்தத் தொகையை எழுதுங்கள். எங்களுடையது இருவருக்கும் சேர்த்து இப்படி இருந்தது:

தங்குமிடம், 17 இரவு, சராசரி 55 யூரோ: 935
ஊர் விட்டு ஊர் போகும் டிக்கெட்: 320
சாப்பாடு, நாளுக்கு 22 யூரோ: 396
ஊருக்குள் பஸ், மெட்ரோ, படகு: 150
நுழைவுச் சீட்டுகள்: 120
தொடாத இருப்பு: 150

ஆக 2,071 யூரோ. இதைப் பொதுப் பையாக ஒரே கணக்கில் போட்டுவிடுங்கள். சாப்பாட்டுத் தொகையிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று யூரோ தனியாகக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அவர் காபி குடிக்கலாம், நீங்கள் தபால் அட்டை வாங்கலாம். ஒருவர் மற்றவரிடம் கணக்குக் கேட்கக் கூடாது. கேட்டால் எடுத்த எடுப்பில் சண்டைதான். இன்னொன்று: ஆளுக்கு ஒன்றாக, எவ்வளவு ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியாத ஆசை ஒன்றைச் சொல்லிவிடுங்கள். எனக்கு வியன்னாவில் ஓவியக் கூடம், அவருக்குப் புடாபெஸ்ட்டில் வெந்நீர்க் குளியல். மற்றதெல்லாம் பேசி முடிவு செய்யலாம்.

செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட். ஏடிஎம்மோ கடையின் அட்டை இயந்திரமோ "யூரோவில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் எப்போதும் மறுத்து, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். யூரோவைச் சொன்ன மறுநொடி அவர்கள் வைத்த மாற்று விலைதான் செல்லும். பிராகில் பணமாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால், 2019 முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ மதிப்பு வரை, மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போனால் மாற்றியதை ரத்துசெய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: டிக்கெட்டுகள்

எல்லோரும் முதலில் கேட்பது, பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான இன்டர்ரெயில் பாஸ் பற்றித்தான். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில். குடியுரிமை எதுவாக இருந்தாலும் வசிப்பிடமே கணக்கு. 27 வயது வரை இளைஞர் விலை, பெரியவர் விலையில் கால் பங்கு குறைவு. நல்ல பாஸ்தான். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நாள் தள்ளித் தள்ளி நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அது லாபம். நம் வட்டத்தில் ஒவ்வொரு தாவலும் சிறியது. முன்கூட்டியே வாங்கினால் தனித்தனி டிக்கெட்தான் மலிவு.

டிரெஸ்டனிலிருந்து பிராக் இரண்டரை மணி நேரத்துக்குள், பிராகிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. இரண்டு மாதம் முன்பே வாங்கியபோது எங்களுக்கு ஒவ்வொன்றும் ஆளுக்கு 20 யூரோவைத் தாண்டவில்லை. ஒரே ரயில், ஒரே இருக்கை, ஜெர்மன் ரயில்வே தளத்தில் ஒரு விலை, செக் ரயில்வே தளத்தில் வேறு விலை என்று இருக்கும். எல்லை தாண்டும் டிக்கெட் எதையும் இரு நாட்டுத் தளங்களிலும் பார்க்காமல் வாங்காதீர்கள். புடாபெஸ்ட்டிலிருந்து லியுப்லியானா மட்டும் நீண்ட வழி. ரயிலானால் ஒரு பகல் போய்விடும், பஸ் அதைவிடச் சீக்கிரம்.

இத்தாலிய வட்டார ரயில்களுக்கு முன்பதிவால் லாபமில்லை, எப்போதும் ஒரே விலை. காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மியூனிக்கிலிருந்து டிரெஸ்டனுக்கு, ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட்டோ மாணவர்களுக்கான அதன் செமஸ்டர் வடிவமோ போதும். ஹோஃப் வழியாக வட்டார ரயில்களில் ஒரு பகல், கூடுதலாக ஒரு சென்ட் இல்லை.

இரவு பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் இரவு வாடகை மிச்சம் என்று முதல் பயணத்தில் ஏறினோம். விடியற்காலை நான்கரை மணிக்கு ஒரு பெருநகர பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அறைச் சாவி மாலை மூன்று மணிக்குத்தான். லாக்கர், இரண்டு தடவை காபி, கழிப்பறைக் கட்டணம், பூங்கா பெஞ்சில் தூங்கி வீணான ஒரு முழு நாள். மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை.

ஆறாம் படி: படுக்கை

ஹாஸ்டல் என்றால் மலிவு என்பது தனி ஆளுக்குச் சரி. இருவராகப் போகும்போது எட்டுப் பேர் அறையில் இரண்டு கட்டிலுக்கான தொகையையும், அதே ஊரில் சமையலறையோடு கூடிய தனி அறையின் வாடகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புடாபெஸ்ட்டில் எங்களுக்கு வித்தியாசம் எட்டு யூரோதான். சமையலறை இருப்பதால் அந்த எட்டு யூரோ இரவுச் சாப்பாட்டிலேயே திரும்பிவிட்டது.

வியன்னாவில் கோடை விடுமுறையில் மாணவர் விடுதிகள் பல, அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. எளிய, சுத்தமான அறைகள். வெனிஸில் தீவுக்குள் தங்காமல் அதன் நிலப்பகுதியான மெஸ்த்ரேயில் தங்குங்கள், ரயிலில் பத்து நிமிடம். வெள்ளி, சனி இரவுகளில் எல்லா ஊரிலும் வாடகை ஏறும். ஆகவே வார இறுதி எந்த ஊரில் வந்தால் நட்டம் குறைவோ அப்படி வழியைத் தள்ளிப் போடுங்கள். நகர வரி என்று ஒன்றும் வரவேற்பு மேசையில் தனியாகக் கேட்பார்கள், முன்பதிவு விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

ஏழாம் படி: சாப்பாடு

நாளுக்கு 22 யூரோவில் இருவர் வயிறாரச் சாப்பிடலாம், ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தால். காலையும் இரவும் சொந்தச் சமையல், மதியம் ஒரு வேளை வெளியில். பிராகிலும் புடாபெஸ்ட்டிலும் வியன்னாவிலும் வேலைநாட்களில் மதிய வேளைக்கு அலுவலக ஊழியர்களுக்காக அன்றைய சாப்பாடு என்று மலிவாகப் போடுவார்கள். செக் மொழியில் தென்னி மெனு, ஹங்கேரியில் நாப்பி மெனு. அதே கடையில் இரவில் அதே தட்டுக்கு விலை வேறு.

சைவம் சாப்பிடுபவர்கள் புடாபெஸ்ட்டில் ஃபோசெலேக் என்று கேளுங்கள். பூசணி, கீரை, பருப்பு ஏதாவது ஒன்றை வேகவைத்துக் கெட்டியாக்கித் தருவார்கள். முதல் கரண்டியிலேயே நம் வீட்டுக் கூட்டு ஞாபகம் வரும், காரமும் தேங்காயும்தான் இல்லை. மேலே இறைச்சி வைத்துத் தருவது வழக்கம், வேண்டாமென்று முன்னமே சொல்லுங்கள்.

பையில் மூன்று பொருள் மறக்காதீர்கள்: சின்ன டப்பாவில் புளிக்காய்ச்சல், கொஞ்சம் கடுகு உளுந்து வறமிளகாய், ஊறுகாய். அரிசியும் தயிரும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். லியுப்லியானாவில் நாள் முழுக்க மழை பெய்த ஒரு மாலை, விடுதிச் சமையலறையில் கடுகு வெடித்த வாசனைக்கு ஒரு சிலிப் பெண்ணும் இரண்டு போலந்துப் பையன்களும் எட்டிப் பார்த்தார்கள். ஐந்து பேருமாகப் புளியோதரை சாப்பிட்டோம். அன்றைய செலவு இருவருக்கும் நான்கு யூரோ.

ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே வாங்கிவிடுங்கள், தவறினால் பெரிய ரயில் நிலையத்துக் கடைதான் கதி. தண்ணீரை விலைக்கு வாங்காதீர்கள். வியன்னாவின் குழாயில் வருவது 1873 முதல் குழாய் போட்டுக் கொண்டுவரும் மலை ஊற்று நீர். இத்தாலியில் காபியை மேசையில் உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை, கவுன்டரில் நின்று குடித்தால் அதைவிடக் குறைவு.

எட்டாம் படி: ஊருக்குள்

டிக்கெட்டில் முத்திரை. ஒரு நகரத்து மெட்ரோவில் டிக்கெட்டை வாங்கிவிட்டு முத்திரை குத்தாமல் இறங்கியதற்கு இருவரும் அபராதம் கட்டியிருக்கிறோம். மூன்று நாள் சாப்பாட்டுப் பணம் ஒரு நிமிடத்தில் போயிற்று. மாணவச் சலுகை கேட்கும்போது ஒரு நுணுக்கம்: சில சலுகை வசிப்பிடத்துக்கு, சில குடியுரிமைக்கு. பாரிஸ் லூவ்ரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், நம் வதிவிட அட்டை செல்லும். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் இளைஞருக்கான இரண்டு யூரோ டிக்கெட் ஐரோப்பியக் குடிமக்களுக்கு மட்டும். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே எல்லோருக்கும் இலவசம். வெனிஸ் நாட்களில் அந்த ஞாயிறு விழும்படி திட்டமிட்டால் அக்காதெமியா ஓவியக் கூடத்தைக் காசில்லாமல் பார்க்கலாம்.

பிராக் கோட்டையின் முற்றங்களுக்குக் கட்டணமில்லை. வியன்னாவில் ஷோன்ப்ருன் தோட்டமும், 21 கிலோமீட்டர் நீளமான டான்யூப் தீவும் இலவசம், தீவில் குளிக்கவும் செய்யலாம். ஓப்பெரா மாளிகை ஜூலை, ஆகஸ்ட்டில் மூடியிருக்கும். கோடையில் நகர மன்றத்துக்கு முன் பெருந்திரையில் ஓப்பெராக்களை இலவசமாகக் காட்டுகிறார்கள், போர்வை எடுத்துப் போங்கள். புடாபெஸ்ட்டில் இருட்டியதும் 2-ஆம் எண் டிராமில் ஜன்னலோரம் உட்காருங்கள். பணம் கொடுத்து ஏறும் ஆற்றுப் படகிலிருந்து தெரியும் அதே நாடாளுமன்றம், அதே பாலங்கள், ஒரு சாதாரண டிக்கெட்டில்.

வெனிஸில் பகல் பயணிகளிடம் 2024 முதல் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரேயில் இரவு தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு, அதையும் இணையத்தில் பதிய வேண்டும். கொண்டோலா என்னும் வெனிஸ் படகுச் சவாரியின் விலை நமக்குக் கட்டாது. பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க ட்ரகெத்தோ என்று பொதுக் கொண்டோலா உண்டு, ஆளுக்கு இரண்டு யூரோ, இரண்டு நிமிடம். என் மாமியாருக்கு அனுப்பிய புகைப்படம் அதில் எடுத்ததுதான்.

கடைசியாக மூட்டை

ஆளுக்கு ஒரு முதுகுப்பை, ஏழெட்டுக் கிலோவுக்குள். நான்கு நாள் துணி போதும், நடுவில் புடாபெஸ்ட்டில் துவைத்துக்கொள்ளலாம். சக்கரப் பெட்டி வெனிஸ் பாலங்களின் படிகளில் கையில் தூக்கும் சுமைதான். ஒரு மெல்லிய கயிறு, இரண்டு எவர்சில்வர் டப்பா, ஒரு மடக்குக் கத்தரிக்கோல், காய்ச்சல் மாத்திரை. மியூனிக்கில் கடைசி இரவு அந்த இரண்டு டப்பாவிலும் தயிர்சாதம் அடைத்துவிடுங்கள். டிரெஸ்டன் போகும் வட்டார ரயில்களில் சாப்பாட்டுப் பெட்டி கிடையாது.